தேரை வாளி

மார்ச் மாதம், மழை விட்ட இரவு,
ஐந்து பாகைக்கு மேல் ஏறினால் போதும்,
ஆர்ன்ஸ்பெர்க் காட்டிலிருந்து தேரைகள் இறங்கும்.
அவற்றின் குளம் சாலைக்கு அந்தப் பக்கம்.
சாலை எனக்கு:
அதிகாலை நான்கு ஐம்பது, நூற்றெழுபது பார்சல்.

மூன்று வருடம் அவற்றை நான் ஆண்டேன்.
அதாவது, சக்கரத்தின் அடியில்
ஈரக் காகிதப் பை உடைவதுபோல் ஒரு சின்னச் சத்தம்.
வானொலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தால்
அதுவும் கேட்காது.

இந்த வருடம் போதகர் எப்ராயீம்
முழங்கால் அறுவைக்குப் படுத்துவிட்டார்.
"ஞாயிறு நீர்தான் பேச வேணும்" என்றார்.
"ஆதியாகமம். மீனும் பறவையும் ஊருவதும்
மனிதன் கைக்கு வந்த இடம்."
நல்ல இடம். குரலை உயர்த்திப் பேசலாம்.
வியாழன் இரவுவரை என் குறிப்பேட்டில்
ஒரே வரி: நாம் ராஜாக்கள்.

வெள்ளி அதிகாலை, வளைவில்
ஒரு பெண் டார்ச்சை ஆட்டி வேனை மறித்தாள்.
ரோஸ்விதா. பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் இருப்பவள்,
என் கடைவாய்ப் பல்லின் பாக்கிக் கணக்கு தெரிந்தவள்.
வணக்கம்கூடச் சொல்லவில்லை.
"இருபது நிமிடம்" என்று ஒரு வாளியை நீட்டினாள்.

சாலையோரம் முழங்கால் உயரத்துக்குப் பச்சை வலை.
அதனடியில் மண்ணில் புதைத்த வாளிகள்.
ஒவ்வொன்றின் அடியிலும் அவை
வரிசை எண் வாங்கியவர்கள்போல் உட்கார்ந்திருந்தன.
என் நெற்றியில் அவளுடைய விளக்கு,
என் தோளில் ஒளிரும் மஞ்சள் சட்டை.
மகுடமும் அங்கியும் எனக்கு இப்படித்தான் வந்தன,
இரண்டும் நகரசபைச் சொத்து.

குனிந்தேன்.
தேரை மோந்த தேங்காய் என்று
குறை சொல்லிப் பழகிய வாய் என்னுடையது.
கையில் எடுத்த முதல் தேரை
குளிரில் கிடந்த தோல் பணப்பைபோல் இருந்தது,
உள்ளே மட்டும் யாரோ விடாமல் கதவு தட்டினார்கள்.
அதன் முதுகில் சின்ன ஆண் ஒன்று,
இறுகக் கட்டிக்கொண்டு, இறங்க மறுத்தது.
"பிரிக்காதீர்கள்" என்றாள். "இரண்டாக எண்ணுங்கள்."
ஆதாமுக்குப் பெயரிடும் வேலை கிடைத்தது.
எனக்கு எண்ணும் வேலை. நாற்பத்தொன்று.

கல்லுக்குள் தேரைக்கும் படியளக்கிறவர்
தாருக்கு நடுவே கிடந்த தேரைக்கு
என்னை அனுப்பினார் என்று சொல்லலாம்.
சொல்ல வாய் கூசுகிறது.
என்னை அனுப்பியது டோர்ட்மண்ட் கிடங்கு.
தாமதத்துக்குக் காரணம் எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்: சாலையில் ஆட்கள்.

ஞாயிறு மூன்று மணி.
ஜெர்மானியர் ஆராதனை முடித்து
சூடாக்கியை அணைத்துவிட்டுப் போன சேர்ச்.
கோட்டைக் கழற்றாமல் ஐம்பது பேர்.
ராஜாக்கள் என்றுதான் தொடங்கினேன்.
பிறகு தமிழே என்னைக் காட்டிக்கொடுத்தது.
ஆள் என்றால் அரசு செய்.
ஆள் என்றால் கூலிக்கு வந்தவன்.
ஒரே சொல், ஒரே மூச்சு.
தோட்டத்தின் சொந்தக்காரர்
எந்த ஆளை நினைத்துச் சொன்னார் என்று
இத்தனை வருடம் நான் கேட்டதே இல்லை.

அங்கே பிரசங்கம் நின்றுபோயிற்று.
பின்வரிசையில் அருள்நேசம் அக்கா இருமினார்.
இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு
பிறர் காலடியில் குனிந்த ஒருவரைப் பற்றிச்
சொல்லியிருக்கலாம். அப்போது நினைவில் வரவில்லை.
வந்தது வாளி.
வாளியைப் பற்றிச் சொன்னேன்.

சிலர் சிரித்தார்கள். தேநீர் நேரம்
ஜெகதீபன் பக்கத்தில் வந்து கேட்டான்:
"அப்ப முந்தின மூண்டு வருசம்?"
கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்தேன்.
அவன் பதிலுக்குக் காத்து நின்றான்,
நல்ல பிள்ளை, வெகுநேரம் நின்றான்.

இன்றும் மழை. ஏழு பாகை.
பார்சல்களுக்குப் பின்னால், வளைவுதோறும்,
ஒரு காலி வாளி உருள்கிறது.
வானொலியை அணைத்து வைத்திருக்கிறேன்.