கடைசி உணவு

சீனக்குடா மா ஆலையில் இரவு ஷிஃப்ட்.
மூடை தைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில்
என் போன் கண் திறக்கிறது:
"வணக்கம், குலவீ…
உங்கள் கடைசி உணவைப் பதிவு செய்யவும்."

குலவீரசிங்கம் அதன் பெட்டிக்குள் கொள்ளவில்லை.
அது போகட்டும்.
கடைசி உணவு என்றால் என்ன?
தூக்குக்குப் போகிறவனிடம் கேட்கிற கேள்வியை
இரவு பத்தரைக்கு, சாப்பாட்டுப் பொதி அவிழ்க்கையில்
என்னிடம் கேட்கலாமா?

கிளினிக்கில் மிஸ்ஸி ஏற்றித் தந்த அப்.
"கொப்பியைத் துலைக்கிறீங்கள், இதிலயாவது ஒழுங்காப் போடுங்கோ"
என்றா.
போட்டேன்.

பிட்டு என்று தேடினேன். பீட்சாவா என்றது.
குரக்கன் ரொட்டி: முடிவுகள் இல்லை.
சூடை மீன் சொதி: முடிவுகள் இல்லை.
கடைசி உணவைக் கேட்ட அதே வாய்தான்
முடிவு இல்லை என்றும் சொல்கிறது.
ஒருவகையில் ஆறுதல்.

கடைசியில் பிட்டைப் 'பாண், இரண்டு துண்டு' என்று எழுதினேன்.
மூன்று மாதமாக
நான் தின்னாத பாணைப் பார்த்துத்தான்
டொக்டர் தலையாட்டுகிறார்.

அதற்கு நாள் பன்னிரண்டு மணிக்கு முடிகிறது.
எனக்கு ஆறரைக்கு, சைரனோடு.
ஒரே பசியை இரண்டு திகதியில் வெட்டி வைக்கிறது.
விடிந்து வந்து நான் கண் அயர,
"காலை உணவைத் தவறவிட்டீர்கள்" என்று
தலையணைக்குக் கீழே கிடந்து அதிர்கிறது.

விரலை வைத்துத் திற என்கிறது.
எந்த விரலை?
மோதிர விரலில் இன்றைய ஊசி,
நடுவிரலில் நேற்றையது,
மிச்ச விரலெல்லாம் மா.
எழுத்தோ வெள்ளைமேல் சாம்பல்,
சூடை முள் அளவு.
சீனி வருத்தம் கண்ணைத் தின்னும்,
விரல் நுனியையும் மரக்க வைக்கும்.
சீனி வருத்தக்காரருக்கு அப் செய்தவருக்கு
இரண்டும் நல்ல சுகம் போல.

போன வியாழன், மூன்று மணி.
அடுக்கிய மூடைகள் மெல்ல மிதந்தன.
கழுத்தெல்லாம் குளிர்ந்த வேர்வை.
மானி ஐம்பத்திரண்டு காட்டியது.
குறைந்தால் என்ன செய்வது என்று
அப்புக்குள் எங்கேயோ இருக்கிறது,
ஒருநாள் கண்டிருக்கிறேன்.
திறந்தேன்.
"எங்களுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"
'பிறகு' என்பது ஒரு மூலையில், கடுகாக.
பெருவிரல் நடுங்கியது.
ஐந்தும் மஞ்சளாய் எரிந்தன.
"நன்றி, குலவீ…"

நவ்பர் மெஷினை நிற்பாட்டிவிட்டு ஓடி வந்தான்.
மூன்று கரண்டி சீனியோடு பிளேன்டீ,
பாதி வாயில், பாதி சேட்டில்.
கை நடுக்கம் அடங்கும்வரை
பேசாமல் நின்றான்.
பிறகு திட்டத் தொடங்கினான்,
கிண்ணியாப் பாலம் இருக்கிற நீளத்துக்கு.

காலை பஸ்.
உட்துறைமுகத்தில் தண்ணீர் வெளுக்கிறது.
"அருமையான வாரம்! உங்கள் கருத்து?
இருநூற்றைம்பது எழுத்துக்குள்."
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
போனை மூக்குக்குக் கிட்டப் பிடித்து
ஒற்றை விரலால் குத்தினேன்:

"பிட்டைச் சேருங்கோ.
எழுத்தைப் பெருப்பியுங்கோ, கறுப்பாக்குங்கோ.
இரவில் வேலை செய்கிற ஆக்களும் இருக்கினம்.
சீனி குறையேக்க ஒரு பட்டன் வேணும்,
சிவப்பா, உள்ளங்கை அளவு.
மா ஒட்டின கையால அமத்தினாலும்
நவ்பருக்குக் கோல் போகவேணும்.
ஐந்து நட்சத்திரம் நான் தந்ததில்லை, கை தந்தது.
மற்றது, இந்தக் கடைசி உண"

அதற்குமேல் எழுத விடவில்லை.
அப்படியே அனுப்பினேன்.
மடத்தடிச் சந்தியில் இறங்கும்போது
சேட்டில் சீனி காய்ந்து
மொடமொடத்தது.
அந்தப் பிளேன்டீயை
இன்னும் பதியவில்லை.