மூச்சுக்காய்

ஓர்வா ஏரியில் அது தலைகீழாய் வளரும்:
வேர் அலையில், காய் ஆழத்தில்.
கரையில் குனிந்து யார் பெருமூச்சு விட்டாலும்
வேர் குடித்துக்கொள்ளும்.
காயாகத் திரள ஓராண்டு.

இலையை இடித்துப் படகின் ஓட்டை அடைப்பார்கள்.
காய் எங்களுக்கு, முத்துக் குளிப்பவர்களுக்கு.
கடித்தால்
நூறு எண்ணும்வரை காற்று.
பெரும்பாலும் வெங்காய வாடை,
படகோட்டி துர்மாக்கின் மதியச் சாப்பாடு.
ஒருமுறை யாருடையதோ காய்ச்சல்.

நேற்று கடைசிக் காயில்
கிராம்பு.

இஸ்வெல் மென்றுகொண்டேதான் பேசுவாள்.
போன மழைக்கு முன்
இந்தப் படித்துறையில் படகேறினாள்.
நான் வழியனுப்ப வரவில்லை.

விழுங்காமல் மேலே வந்தேன்,
காது அடைத்து, கண் இருண்டு.

சுங்கக்காரன் கூடையை உதறினான்:
"ஒரு முத்துகூட இல்லையா?
என்னதான் கொண்டுவந்தாய்?"

வாயைத் திறக்கவில்லை.