அலகு

ஐந்து என்று அடித்தாள் தக்கானே.
அலகைப் பார்க்கவில்லை: டிகிரி.

மொகொட்லொங் மலையில் ஆஸ்பத்திரிப் புள்ளியிலிருந்து
மளமளவென்று வீங்கிய வட்டம்
எல்லை தாண்டி, டர்பனை விழுங்கி,
கடலுக்குள் போய் நின்றது.
இனிக் கப்பல்காரனுக்குக் காய்ச்சல் என்றாலும்
இங்கேதான் வரவேண்டும், நர்ஸ் பலேசாவிடம்.

தனியாகச் சிரித்தாள். திருத்தினாள்:
ஐயாயிரம். மீட்டர்.
டர்பன் திரும்பிப் போனது.
ஹா தெபாலோ உள்ளேயே இருந்தது,
விளிம்பை ஒட்டி, பச்சையில்.

போன ஜூலையில் அங்கே போயிருக்கிறாள்.
பனியில் கிடுகிடு பள்ளம் இறங்கி ஏற
குதிரைக்கு ஆறு மணி நேரம்.
நிறைமாதக்காரிக்கு எவ்வளவு என்று
யாரும் அளக்கவில்லை.

முதல் வட்டம் பெரிய பொய்.
யார் பார்த்தாலும் பிடிபடும்.
இதை
அறிக்கையில் ஒட்டிச் சேமித்தாள்.