கலம் எண்ணுதல்

நீலம் ஏறினால் செத்தது.
ஏறாவிட்டால் உயிர்.
வேறொன்றும் இந்த நுணுக்குக்காட்டி கேட்பதில்லை.

கோணேசபுரி. மாலை ஆறரை.
யன்னலுக்கு வெளியே கடல்
சத்தமாக மட்டும் மிஞ்சியிருக்கிறது.
இடது கையில் ஒரு எண்ணி, உயிருக்கு.
வலது கையில் ஒன்று, மற்றதற்கு.
ஹப்சா கொப்பியைத் திறந்து வைத்திருக்கிறாள்.

முதல் தட்டு: ஐதரசன் பேரொட்சைட்டு மட்டும்.
நூற்றுக்கு அறுபத்திரண்டு நீலம்.
இரண்டாவது: அதே நஞ்சு,
முன்கூட்டியே கொஞ்சம் விற்றமின் சி.
பத்தொன்பது.
ஹப்சா மெல்ல விசிலடித்தாள்.

தேசிக்காய்க்குள் இருக்கிற சாமான்தான்.
கேட்டவனுக்குத் தன் இலத்திரனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு
வெறுங்கையோடு நிற்கும்.
கடன் என்று எழுதிவைக்காது.

துறைமுகத்தில் அண்ணன் சாந்தரூபன்
கப்பலின் வயிற்றுக்குள் துருச் சுரண்டுகிறான்.
இருமினால் லேஞ்சியில் செங்கல் நிறம்.
காலையும் மாலையும் நுரைக்கிற குளிசை,
சில நாள் மூன்று, சில நாள் ஐந்து.
"புளிதானேடி. கூடினால் என்ன?"

அந்தக் கேள்வியைத்தான் மூன்றாம் தட்டில் ஊற்றினேன்.
கூட விற்றமின்.
கூடவே ஒரு சொட்டு இரும்பு.

எழுபத்தெட்டு.
திரும்ப எண்ணினேன். எண்பது.

இரும்பு கேட்டாலும் கொடுக்கிறது.
வாங்கிய இரும்பு பேரொட்சைட்டை உடைக்க,
உடைந்த துண்டு கண்டதையெல்லாம் கடிக்க,
வெறுங்கையான இரும்பு மறுபடி வந்து கேட்க,
மறுபடியும் கொடுக்கிறது.
நிறுத்தத் தெரியாத கை.

சாவிலும் வித்தியாசம் இருக்கிறது.
சில கலங்கள் பாயைச் சுருட்டி,
சட்டி பானையைக் கவிழ்த்து,
கதவைப் பூட்டிவிட்டுப் போகும்.
சில வெடித்து அயலையும் நனைக்கும்.
மூன்றாம் தட்டில்
பூட்டிய வீடு ஒன்றுகூட இல்லை.

"தட்டு ஆளில்லை" என்றாள் ஹப்சா.
உடம்பு இரும்பை அவிழ்த்துவிடாது,
புரதத்தில் கட்டித்தான் வைத்திருக்கும்.
தெரியும்.
ஆனாலும் என் மொழி
இதற்கும் கப்பலுக்கும் ஒரே பெயரை வைத்திருக்கிறது.

பஸ் நிலையத்தில் இறங்க, ஒரு மான்
ஜூஸ் கடைக்காரர் எறிந்த தோடம்பழத் தோலை மோந்துவிட்டு
பக்கத்தில் கிடந்த லொத்தர் துண்டைத் தின்றது.
அதற்குத் தேவையில்லை.
அதன் ஈரல் தானே செய்துகொள்ளும்.
எங்களிடமும் அந்தச் செய்முறை இருந்தது,
எந்தக் காலத்திலோ ஒரு எழுத்துப் பிழையில் போய்விட்டது.
அன்றிலிருந்து யாராவது தரவேண்டும்.

போனில் அண்ணன்:
"குளிசை முடிஞ்சுது. வரேக்க வாங்கிவா."

பாமசிப் பையன் கண்ணாடிக் குழாயைத் தட்டில் வைத்து
"எத்தனை வேணும்?" என்றான்.
பைக்குள் இரண்டு எண்ணிகளும் கிடந்தன,
திருப்பி வைக்க மறந்து கொண்டுவந்தவை.
எதை அழுத்துவது என்று தெரியாமல்
கொஞ்ச நேரம் நின்றேன்.