பதினோராம் வினா

மே மாதத்துச் சேலம்.
ஐந்து ரோட்டருகே கல்லூரிக் கூடத்தில்
மின்விசிறி விடைத்தாள்களைப் புரட்டுகிறது,
வியர்வையைத் தொடுவதில்லை.
காலைக்கு முப்பது தாள், மாலைக்கு முப்பது.

பதினோராம் வினா:
காவியத்தில் விளக்கேற்றிக் காத்திருந்த அரசியையும்
பனிநாட்டு நாவலில் விடியுமுன் வண்டியேறிய
மருத்துவர் மனைவியையும் ஒப்பிடுக.
பத்து மதிப்பெண்.

விடைக்குறிப்பில் குழப்பமே இல்லை.
ஒற்றுமை நான்கு, வேற்றுமை நான்கு,
முன்னுரைக்கு ஒன்று, முடிவுரைக்கு ஒன்று.
இருபத்தாறு தாள்வரை
ஒருத்தி நிலவு, ஒருத்தி நெருப்பு.
வழிகாட்டி நூலின் அச்சுப்பிழை
பன்னிரண்டு கையெழுத்தில் அப்படியே இறங்கியிருந்தது:
அரசி விலக்கேற்றினாள்.
பன்னிரண்டு தடவையும் சுழித்தேன்.

இருபத்தேழு.
நீல மை, சாய்ந்த எழுத்து, ஓரக்கோடு போடவில்லை.

"இரண்டு பேரையும் தனித்தனியாகப் பிரிக்க
எனக்கு வரவில்லை.
இருவர் வீட்டிலும் ஒரே வேலைக்காரிதான் இருக்கிறாள்.
பன்னிரண்டு வருஷம் விளக்கு அணையவில்லை என்கிறது பாட்டு.
எண்ணெய் ஊற்றியது யார் என்று சொல்லவில்லை.
வண்டியேறியவள் மேசையில் பாதி காப்பி வைத்துவிட்டுப் போகிறாள்.
அந்தக் கோப்பையைக் கழுவியவள்
அடுத்த முந்நூறு பக்கத்தில் இல்லை.
அரசியின் தோழிக்கு நான்கு அடி,
அதில் மூன்றில் அழுகிறாள், அரசிக்காக.
நாவலில் பணிப்பெண்ணுக்குப் பெயர் உண்டு,
கூப்பிடுவதற்கு மட்டும்.
ஒருத்தி கதவைத் திறந்தே வைத்திருந்தாள்,
ஒருத்தி சாத்திக்கொண்டு போனாள்.
இரண்டு தாழ்ப்பாளும் இவள் கையில்.

காப்பி என்றதும் ஞாபகம் வருகிறது.
எங்கள் பக்கம் அது பூத்தால் சரிவெல்லாம் வெள்ளை.
பங்களா அம்மா வந்து நின்று போட்டோ எடுப்பார்கள்.
பழம் பறிக்கிற மாசத்தில் வரமாட்டார்கள்.
கதைகளையும் பூ நேரத்தில்தான்
எழுதுகிறார்கள் போல"

அவ்வளவுதான். முற்றுப்புள்ளிகூட இல்லை.
பன்னிரண்டாம் வினாவுக்கு
வழிகாட்டி நூலையே ஒப்பித்திருந்தாள்.
அல்லது ஒப்பித்திருந்தான்.
பதிவெண்ணுக்கு ஆண் பெண் ஏது.

ஜன்னலுக்கு வெளியே சேர்வராயன் மலை
வெயிலில் சாயம்போன நீலத்தில் கிடந்தது.
நாகலூரா, மஞ்சக்குட்டையா,
எந்தச் சரிவிலிருந்து இந்தக் கை?

பக்கத்து மேசை எலிசபெத் குணசீலி எட்டிப் பார்த்து,
"கேள்விக்கு வரவே இல்லையே, மூணு போடுங்க" என்றாள்.
தட்டுவடை செட்டை நீட்டினாள்.
பீட்ரூட் துருவல் ஒன்று
தாளில் விழப் பார்த்தது, தட்டிவிட்டேன்.

அந்த அரசியோடு ஆறு வருஷம் குடியிருந்து
முனைவர் ஆனவள் நான்.
முந்நூற்றுப் பத்துப் பக்கம்.
எண்ணெயைப் பற்றி ஒரு வரி கிடையாது.
நன்றியுரையில் நெறியாளர், நூலகர்,
தட்டச்சு செய்தவர், கணவர்,
பெயர் மறந்துபோன ஒரு ஜெராக்ஸ் கடை.
அந்த ஆறு வருஷமும்
கன்னங்குறிச்சியிலிருந்து காலை ஆறு மணிக்கு வந்து
என் வீட்டுப் பாத்திரம் துலக்கினாள் செல்லாயி.
ஈரக்கையோடு ஒருநாள் கேட்டாள்,
"அந்த ராணிக்கு என்னதான் ஆச்சு?"
காத்திருக்கிறாள் என்றேன்.
"சோறு?" என்றாள்.
நகைச்சுவை என்று நினைத்து
கருத்தரங்கில்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஏழு போட்டேன்.
தலைமைத் தேர்வாளர் சவுந்தரபாண்டியன்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
"ஒற்றுமை எங்கேம்மா?"
ஒன்று இருக்கிறது சார்.
"நாலு வேணும்."
பச்சை மையில் ஏழு நான்கானது,
பக்கத்தில் அவர் சுருக்கொப்பம்.
நான் வாதாடவில்லை.
மதிப்பூதியப் பட்டியல் அவர் மேசையில்தான் இருந்தது.

இன்னும் மூன்று தாள்.
இருபத்தெட்டில் அரசி
மறுபடியும் விலக்கேற்றினாள்.
சுழிக்கப் போன சிவப்புப் பேனா
அந்த 'ல'வின் மேல்
மை ஊறி
நின்றுகொண்டிருக்கிறது.