பட்டிக்குக் கீழே

கதவடித் தகட்டை விரலால் தட்டினேன்.
நல்ல இரும்பு 'ணங்' என்னும்.
இது நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி
'தொப்' என்றது.
ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். குத்தக்கூட இல்லை,
வைத்தேன்.
பிடிவரைக்கும் போயிற்று.

எழுபத்தொன்றாம் வருடத்து சாப்.
ஊலு நகரத்து ஏலத்தில் எடுத்தது.
சின்ன வயதில் இதே மாடல் வைத்திருந்தேன்,
வேறு காரணமில்லை.
வெளியே வெள்ளைவெளேரென்று மாப்பிள்ளைக் களை.
ராஹேயில் கடல் இன்னும் உறைந்து கிடக்கிற மார்ச்சில்
என் கொட்டகைக்குள் நின்று
பழுப்பாய் உதிர்க்கிறது,
ஐம்பது குளிர்காலத்துச் சாலையுப்பை.

"நேரே அறுத்துவிடலாமே, ஹில்க்கா" என்றான் தைஸ்தோ.
முட்டுக் கொடுக்காமல் அறுத்தால்
வண்டி இடுப்பொடிந்து நடுவில் இறங்கும்.
பிறகு எந்த ஜென்மத்திலும் கதவு மூடாது.
கதவு வாசலில் சதுரக் குழாய்களைக் குறுக்கே பற்றவைத்து
மூலைக்கு மூலை அளந்தோம்.
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர்.
சாக்கட்டியால் சுவரில் எழுதினான்.

அதற்கப்புறம்தான் கிரைண்டர்.

வெள்ளைக்கு அடியில் பச்சை.
பச்சைக்கு அடியில் பட்டி, ரோஸ் நிறத்தில்,
கட்டைவிரல் தடிமனுக்கு.
பட்டிக்கு அடியில் கம்பிவலை,
அதற்கும் அடியில் சுருட்டித் திணித்த செய்தித்தாள்:
பனிச்சறுக்குப் போட்டி முடிவுகள்.
தேதி துருவோடு போயிருந்தது.

"எந்தத் திருட்டுப்பயல் பார்த்த வேலை இது!"
காலை முழுக்கத் திட்டினேன்.
அவன் அம்மாவை மட்டும் விட்டுவிட்டேன்,
பாக்கி உறவெல்லாம் வந்துபோனது.
"இதில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருப்பார்களே"
என்றான் தைஸ்தோ.
அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

ஜாக்கி முட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில்
ஓர் ஒட்டு.
காபி டின்னை நறுக்கி, விளிம்பு மடித்து,
ரிவெட் அடித்த ஒட்டு.
ஏழு ரிவெட்.
ஏழாவது கோணல்.
அதை அடிக்கும்போது
வீட்டுக்குள் குழந்தை அழுதது.

கிரைண்டரை அணைத்தேன்.
பச்சைக்கும் பட்டிக்கும் நடுவே
நகக்கண் அளவு
நீலம்.

எண்பத்து மூன்று.
உருக்காலையில் என்னை நிறுத்தி மூன்று மாதம்.
திங்கட்கிழமை வண்டிச் சோதனை,
செவ்வாய்க்கிழமை வாடகை.
வாங்க வந்தவள் கெமி ஊரில் செவிலி,
ஸைமி என்று பெயர்.
கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள்,
இரண்டு தடவை.
அழகாக மூடியது.
"துரு ஒன்றும் இல்லையே?"
"மேலாகக் கொஞ்சம்" என்றேன்.
அழுத குழந்தை இப்போது தாம்பரே நகரத்தில்
காப்பீடு விற்கிறான்.

"என்ன ஆச்சு?" என்றான் தைஸ்தோ.
"திட்டினதெல்லாம் விலாசம் விசாரித்து வந்து சேர்ந்தது."
அவனுக்குப் புரியவில்லை.
பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றினான்.
எனக்குக் குடிக்க முடியவில்லை.

புதுத் தகட்டில் வரிசையாகத் துளையிட்டு
துத்தநாகப் பூச்சடித்து
கிளாம்பு போட்டு இறுக்கினோம்.
ஒரே மூச்சில் பற்றவைத்தால் சூட்டில் நெளியும்.
இந்த முனையில் ஒரு புள்ளி,
அந்த முனையில் ஒரு புள்ளி,
நடுவே ஆறவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.
அந்த உட்கார்வுதான் கஷ்டமாயிருந்தது.
ஸைமி எத்தனை வருடம் ஓட்டினாள்,
எந்தப் பனியில்,
பின்சீட்டில் யார்,
என்றெல்லாம் தகடு கேட்காது.

முட்டுகளை அறுத்தெடுத்தோம்.
அளந்தோம்: ஆயிரத்து நூற்றுப் பதின்மூன்று.
ஒரு மில்லிமீட்டரை மன்னிக்கலாம் என்றான்.

கதவைப் பூட்டி, விட்டுப்பார்த்தான்.
'க்ளுக்.'
"அடடா, என்னமாய் மூடுகிறது!"
அன்றைக்கும் இப்படித்தான் மூடியது.

சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்து
கீழிருந்து தட்டினேன், அங்குலம் அங்குலமாக.
ணங். ணங். ணங்.
தைஸ்தோ ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு
இடப்பக்கமாகப் போய்
எனக்காகக் காத்து நின்றான்.