இடது காலுக்கு வேலை இல்லை

திருவனந்தபுரத்திலிருந்து களியக்காவிளை தாண்டி
டேப்லெட்டோடு வந்திருந்தான் ஷிபின் என்கிற பையன்.
தக்கலை ஆஸ்பத்திரியில் என் அறை, மதியம் மூன்று மணி,
மூன்று பேருக்கு மயக்கம் கொடுத்த கையில்
ஸ்பிரிட் வாசம் போகவில்லை.
"முதல்ல நிறம், சேச்சி."

நிறம் எளிது.
கறுப்பு வேண்டாம், குளச்சல் உப்புக்காற்று அதில் கோலம் போடும்.
வெள்ளை வேண்டாம், ஆம்புலன்ஸ் பார்த்தே அலுத்துவிட்டது.
நீலத்தில் ஐந்து நீலம் காட்டினான்.
மழைக்கு முந்தின முட்டம் கடல் இதில் எது?
நாலாவதைத் தொட்டான்.
சரியாகத்தான் தொட்டான்.

பத்தொன்பது இஞ்ச் சக்கரம், படத்தில் அழகு.
"வில்லுக்குறி ரோட்டைப் பார்த்திருக்கியா?"
"அதிலதான் வந்தேன்" என்று இடுப்பைத் தடவினான்.
பதினேழே போதும்.
ஸ்டியரிங்கைச் சூடாக்க ஒரு பொத்தானாம்,
பங்குனி வெயில் அதை இலவசமாகவே தரும்.
சன்ரூஃப் வேண்டாமென்றுதான் இருந்தேன்.
வீட்டு முற்றத்து ரப்பர் மரங்கள் ஆவணியில் காய் வெடிக்கும்,
தலைக்கு மேல் கண்ணாடியில் அந்தச் சத்தம் கேட்கலாமே என்று
எந்த நியாயமும் இல்லாமல் டிக் அடித்தேன்.

பிறகு கியர்.
"எல்லாரும் ஆட்டோமேட்டிக்தான் எடுக்கிறாங்க.
மேனுவல்னா தனி ஆர்டர், எட்டு மாசம் ஆகும்."
எட்டு மாதம் இருப்பேன்.
இருபத்துநாலு வருஷமாக இருக்கிறேன்,
ஆரல்வாய்மொழி கணவாயில் ஆடிக்காற்று
காரை விலாவில் இடித்துத் தள்ளுகிற அந்த ஒரு மைலில்
நாலிலிருந்து மூன்றுக்கு இறக்குவேன்,
இன்ஜின் குரல் தடிக்கும்,
உள்ளங்கைக்குள் ஒரு துடிப்பு வந்து போகும்.
மானிட்டரில் தெரியாத நாடி அது.
யாரிடமும் சொன்னதில்லை.

"டிராஃபிக்ல சுகம், சேச்சி.
இடது காலுக்கு வேலையே இல்லை" என்றான் சிரித்துக்கொண்டு.
சிரிப்பு பாதியில் நின்றது.
ஜன்னலோரம் வில்பிரட்.
இரும்புக் கம்பியும் தோல் வாரும் கட்டிய இடது கால்,
ஒன்றரை இஞ்ச் உயர்ந்த செருப்பு.
போலியோ வந்தபோது அவருக்கு இரண்டு வயது.

முந்திரி ஆலைக்குப் பக்கச்சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் போவார்,
மழைக்கோட்டுக்குள் கணக்குப் புத்தகம் நனையாமல்.
காரில் என் பக்கத்துச் சீட்டு.
அந்தச் சீட்டின் மிதியடியில்
வலது குதிகால் படும் இடம் மட்டும் தேய்ந்திருக்கும்,
இத்தனை வருஷம் நான் பிரேக் பிடிக்கத் தாமதித்தபோதெல்லாம்
அங்கே பிடித்தவர் அவர்.

ஆட்டோமேட்டிக் எப்போதோ வந்துவிட்டது.
பத்து வருஷத்துக்கு முன்னால் சாப்பாட்டு மேஜையில்
"அது காரா, லிஃப்ட்" என்றேன்.
அவரும் சிரித்தார்.
கூட ஒரு துண்டு மீன் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீயில்லியா ஓட்டுக," இப்போதும் அதைத்தான் சொல்கிறார்,
"உனக்கு இஷ்டம் உள்ளதை எடு."
ஷிபின் டேப்லெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
சுத்தமாகத்தான் இருந்தது அது.

ஞாயிறு, ஆராதனை முடிந்து,
காற்றாலைகளுக்கு நடுவே ஆள் போகாத தார்ச் சாலை,
ஷோரூமின் ஆட்டோமேட்டிக்.
லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட விடக் கூடாது என்று
தெரிந்த ஷிபின், போன் வந்ததாகச் சொல்லி
ஒரு காற்றாலை தூரம் நடந்து போனான்.

வில்பிரட் வலது பக்கம் ஏறினார்.
இடது காலை இரு கைகளாலும் தூக்கி உள்ளே வைத்தார்,
பஸ்ஸில் அடுத்தவர் பையை நகர்த்துவது போல.
சீட்டைப் பின்னால் தள்ளினார், முன்னால் இழுத்தார்,
கண்ணாடியை எனக்கு ஏற்றபடியே விட்டுவிட்டார்.
டி.
கார் பசு எழுவதுபோல அசைந்தது.
இருபது. முப்பத்தைந்து.
ஒரு ஆடு வந்தது, நின்றார், ஆடு போனது.
அறுபதில் உதட்டைக் கடித்துக்கொண்டார்,
முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை.

இன்ஜின் குரல் ஏறும்போதெல்லாம்
என் இடது கால் மிதியடியை அழுத்திற்று.
எடுத்தேன். மறுபடி அழுத்திற்று.

"நீ எதைச் சவுட்டுத?" என்றார்,
ரோட்டைப் பார்த்தபடியே.